வமிசாவளியும் வரலாறும்: கைலாயமாலை, வைபவமாலை பற்றிய ஒரு நோக்கு

யாழ்ப்பாண வைபவமாலை ஒல்லாந்தர் ஆட்சிக்காலத்தில், 1736ஆம் ஆண்டளவில், மாதகல் மயில்வாகனப் புலவரால் இயற்றப்பட்டது. யாழ்ப்பாணத்தில் அதிகாரம் செலுத்திய மேக்கறூன் என்னும் ஒல்லாந்த அதிபதியின் வேண்டுகோளே அதற்குக் காரணம் என்பது நூலின் பாயிரத்தாற் புலனாகிறது. நல்லூர் அரசு 1619இற் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்து ஒரு நூற்றாண்டுக்கு மேற் கழிந்திருந்தது. கடைசி மன்னனான சங்கிலி கோவைக்குக் கொண்டுசெல்லப்பட்டு அங்குக் கொல்லப்பட்டான். அரசும் அரசகுடும்பமும் இல்லாதொழிந்த பின்னர், அவ்வரசு எங்கிருந்து வந்தது, அதன் பெருங்குடிகள் எங்கிருந்து வந்தன என்னும் வினாவை அந்நியன் ஒருவன் எழுப்ப, உள்ளூர்ப் புலவர் விடை எழுதினார். இச்சூழலை மறந்து அந்நூலைப் படிப்போர் அதனை அளவுக்கு மீறி நம்புவர்; அன்றேல் அளவுக்கு மீறி இகழ்வர். இரண்டும் நம்மிடையே நிகழ்ந்துள்ளன.

புலவர் வெறுங்கையோடு எழுதவில்லை. கைலாயமாலை, வையாபாடல், பரராசசேகரன் உலா, இராசமுறை என்னும் நூல்கள் அவருக்கு ஆதாரமாயிருந்தன. இவற்றுட் கைலாயமாலையும் வையாபாடலும் இன்று கிடைக்கின்றன. உறையூர்ச் செந்தியப்பன் மகன் முத்துராசக் கவிராசர் பாடிய கைலாயமாலை, கலிவெண்பாவில் அமைந்து, நல்லூரிற் கைலாயநாதர் கோயில் எழுந்த கதையைக் கூறுவது. ஆயினும் கோயிலைக் காட்டிலும் யாழ்ப்பாணத்தார் அந்நூலை நினைவிற் கொண்டிருப்பது அதிலுள்ள குடிவரவுப் பட்டியலுக்காகவே. இன்ன ஊரிலிருந்து இன்ன தலைவன் வந்து இன்ன ஊரில் இருத்தப்பட்டான் என்னும் அப்பட்டியலே பல குடும்பங்களின் பெருமைக்கு ஊற்றுக்கண்ணாக இருந்துவந்துள்ளது.

ஆகவே இந்நூல்களில் இருவகை வமிசாவளிகள் உள்ளன. ஒன்று அரசருடையது, மற்றது குடிகளுடையது. ஆய்வாளரின் கவனம் பெரிதும் முதலாவதன்மீதே சென்றுள்ளது. இரண்டாவது இன்றுவரை ஏறத்தாழத் தப்பிவந்துள்ளது.

அரசரின் முன்னோர் பற்றி வைபவமாலை கூறும் கதை அனைவரும் அறிந்தது. சிங்கமுகம் கொண்ட உக்கிரசிங்கன், குதிரைமுகம் வாய்ந்த சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லியைக் காண்கிறான். கீரிமலைத் தீர்த்தத்தில் நீராடி அவள் குதிரைமுகம் நீங்கப்பெற, மாவிட்டபுரம் என்னும் ஊர்ப்பெயர் எழுகிறது. பின்னர் வரும் முதலாம் ஆரியச்சக்கரவர்த்தியோ கூழங்கையன், அதாவது கை ஊனமுற்றவன், எனப்படுகிறான். வமிசத்தின் வாயிலில் நிற்போர் அனைவரும் உடலில் ஏதோ ஒரு வேறுபாடு உடையோராயிருப்பது கவனிக்கத்தக்கது. இது யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரிய வழக்கமன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தை ஆண்ட ஆஞ்சு வமிசத்தார், தேவாலயத்திற் பூசை முடியும்வரை நிற்கவியலாது சாளரம் வழியே பறந்துபோன பேய்மகள் ஒருத்தியின் வழித்தோன்றல்கள் என்று அக்காலத்தவரான வேல்ஸ் நாட்டு ஜெரல்ட் எழுதிவைத்தார். ரிச்சர்ட் மன்னனே அக்கதையைச் சொல்லி நகைப்பதுண்டு எனவும் அவர் கூறுகிறார். அரசகுலம் பிற குலங்களைப்போல் ஒரு தாய் தந்தையரிடமிருந்து வெறுமனே பிறந்ததென்று கூறினால் அதன் வேறுபாடு விளங்காது. எனவே தோற்றுவாயில் ஓர் அதிசயம் வேண்டப்படுகிறது. அது குறையாயினும் குற்றமில்லை.

இக்கதைகளை இருபதாம் நூற்றாண்டின் ஆய்வாளர் அப்படியே ஏற்றனர் எனக் கூறுதல் தவறு. 1928இல் யாழ்ப்பாண வைபவ விமர்சனத்தை வெளியிட்ட சுவாமி ஞானப்பிரகாசர் இத்துறையில் முதன்முதலாகக் கடுமையான விமரிசன நோக்கைக் கையாண்டவர். கூழங்கை என்பது கைக்குறையைக் குறிப்பதன்று, காலிங்கம் என்னும் சொல்லின் திரிபே என அவர் கருதினார். அவ்வாறாயின் கூழங்கைச் சக்கரவர்த்தி காலிங்கச் சக்கரவர்த்தி ஆவான். பதின்மூன்றாம் நூற்றாண்டிற் பொலனறுவையைக் கைப்பற்றிய கலிங்க மாகனோடு அவனைத் தொடர்புபடுத்த வழி பிறக்கும். கதையொன்றின் அடியிற் கிடக்கும் பெயர்த்திரிபைத் தேடிச் சென்ற இம்முறை இன்றும் கற்கத்தக்கது. 1926இற் பண்டைய யாழ்ப்பாணம் பற்றி ஆங்கிலத்திற் பெருநூல் எழுதிய முதலியார் இராசநாயகமும் கலிங்க, கங்க வமிசத் தொடர்பையே நிறுவ முயன்றார். பின்னர் 1961இற் பேராசிரியர் பரணவிதான, ஆரியச்சக்கரவர்த்திகள் மலாயத் தீபகற்பத்திலிருந்து வந்த சாவகரின் வழியினர் என வாதிட்டார்.

இம்மூவரும் ஒருவரையொருவர் மறுத்தனர். எனினும் ஒரு விடயத்தில் மூவரும் ஒன்றுபட்டு நின்றனர் என்பது போதிய அளவு சுட்டப்படவில்லை. யாழ்ப்பாணத்தரசனுக்கு ஓர் அரசத்தந்தை இருந்தேயாகவேண்டும் என்பதை அவர்களுள் எவரும் ஐயுறவில்லை. அத்தந்தை ஒரிசாவிலிருந்து வந்தானா, மலாயாவிலிருந்து வந்தானா என்பதே அவர்களிடை வழக்காயிருந்தது. வைபவமாலையின் விடைகளை மறுத்தவர்கள் அதன் வினாவைத் தம்மையறியாமலே ஏற்றுக்கொண்டனர்.

அரசகுலத்தார் தம்மைப் பற்றிக் கூறிக்கொண்டதும் இதிலிருந்து வேறானது. அவர்கள் காலத்தில் எழுந்த சோதிடநூலான செகராசசேகரமாலையின் சிறப்புப்பாயிரம் அவர்களை இராமேசுவரத்து அந்தணரோடும் இராமபிரானின் கொடையோடும் இணைக்கிறது. போர்த்துக்கேயப் பாதிரியாரான குவேறோஸ் பதினேழாம் நூற்றாண்டில் எழுதிய நூலிலும் ஏறத்தாழ இதே மரபு வேறு வடிவிற் காணப்படுகிறது. குசராத்திலிருந்து வந்த பிராமணர் இராமேசுவரத்திற் கோயில் எழுப்பி, யாழ்ப்பாணத்தரசரோடு உறவுபூண்டு, மணவினையால் அரசுரிமை பெற்றனர் என்கிறார் அவர். ஆரியர் என்னும் பெயரைச் சூளவம்சம் ஏளனத்தோடு நோக்குவதையும் இங்கு நினைவுகூரலாம். யாப்பகுவையிலிருந்து தந்தச்சின்னத்தைக் கவர்ந்துசென்ற பாண்டியத் தளபதி ஆரியச்சக்கரவர்த்தி எனப் பெயர்பெற்றிருந்தானாயினும் ஆரியன் அல்லன் என்பது அந்நூலாசிரியரின் கருத்து. பகைவரின் ஏளனமாயினும் அதில் ஒரு நுட்பம் உண்டு. ஆரியச்சக்கரவர்த்தி என்பது பிறப்பைக் குறிப்பதன்று, சூட்டப்பட்ட பெயர் என்பதை அது தன்னை அறியாமலே ஒப்புக்கொள்கிறது.

இந்த நுட்பத்தை ஆய்வுநெறியாக மாற்றியவர் பேராசிரியர் கா. இந்திரபாலா. யாழ்ப்பாண இராச்சியத்தின் தோற்றம் பற்றி 1972இல் வெளிவந்த அவரது நூலும், பேராசிரியர் சி. பத்மநாதன் 1978இல் வெளியிட்ட ஆங்கில நூலும் புராணங்களை விடுத்துச் சாசனங்களை நாடின. பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்துச் (1268–1310) சாசனங்களில் ஆரியச்சக்கரவர்த்தி என்னும் பெயர்பூண்ட அதிகாரிகள் இடம்பெறுகின்றனர். இராமநாதபுரப் பகுதியிலுள்ள செவ்விருக்கைநாட்டுச் சக்கரவர்த்திநல்லூரைச் சேர்ந்த தேவர் ஆரியச்சக்கரவர்த்தி அவர்களுள் ஒருவர். சூளவம்சம் கூறும் படையெடுப்பும் அக்காலத்ததே; முதலாம் புவனேகபாகுவின் மறைவுக்குப் பின்னர், 1284ஐ அடுத்து நிகழ்ந்தது. பாண்டிய அரசின் உயர்பதவியினர் ஒருவர் வடவிலங்கையில் நிலைகொண்டு, பாண்டியர் ஆட்சி தளர்ந்ததும் தனியரசராயினர் என்னும் முடிவு இச்சான்றுகளுக்குப் பொருந்துவது. 1344இல் இலங்கைக்கு வந்த இபின் பதூதா, முத்துச் செல்வமும் கப்பல்களும் உடைய வலிமைமிக்க மன்னனாக ஆரியச்சக்கரவர்த்தியைக் கண்டார். பாரசீக மொழியும் அவன் அறிந்திருந்தான். அறுபது ஆண்டுகளுக்குள் பதவிப்பெயர் வமிசப்பெயராகிவிட்டது.

பதவி குலமாவது உலக வழக்கு. 1169ஆம் ஆண்டிலும் அதன் பின்னரும் அயர்லாந்திற் குடியேறிய நோர்மானியப் பெருங்குடிகளின் வரலாறு இதற்குத் தெளிவான சான்று தருகிறது. 1185இல் ஜோன் இளவரசனோடு அங்குச் சென்ற தியோபால்ட் வால்டர் என்பவன் அரசனுக்கு மதுக்கிண்ணம் ஏந்தும் பதவியை உடையவன். அப்பதவியின் பெயரே பட்லர் என்னும் குலப்பெயராகி, அவன் வழியினர் ஓர்மண்ட் பிரபுக்களாயினர். அவர்களோடொத்த பிட்ஸ்ஜெரல்ட் குடியினரோ தம் மூதாதையை இத்தாலியத்துப் புளோரன்ஸ் நகரத்து உயர்குடியொன்றில் தேடிக்கொண்டனர். கைப்பற்றிய நிலத்துக்கு வாள் உரிமை தந்தது. அந்த உரிமைக்கு மதிப்பைத் தரப் பழைய தந்தை ஒருவன் தேவைப்பட்டான். இங்கிலாந்திற் குடிவழிக் கதைகளை ஆவணங்களோடு ஒப்பிட்டு ஒவ்வொன்றாகத் தகர்த்த ஹொரஸ் ரவுண்ட் (1854–1928) போன்ற ஒருவர் யாழ்ப்பாணத்துக் குடிவழிகளுக்கு இன்னும் தோன்றவில்லை.

அவ்வகை ஆய்வு வேண்டப்படும் இடம் கைலாயமாலையின் குடிவரவுப் பகுதியாகும். யாழ்பாடி ஆண்டு மறைந்தபின் தலைமையின்றித் தளர்ந்த நாட்டுக்கு அரசனை வேண்டி மதுரை சென்றவன் பொன்பற்றியூர்ப் பாண்டிமழவன் என்கிறது நூல். இதனால் அரசனுக்கு முன்னரே ஒரு வேளாண் தலைவன் நாட்டில் இருந்தான் என்பதும், அரசனே அவன் அழைக்க வந்தவன் என்பதும் பெறப்படும். பாண்டிமழவன் திருநெல்வேலியிலும், காவிரியூர் நரசிங்கதேவன் மயிலிட்டியிலும், செண்பகமழவன் தெல்லிப்பழையிலும், மண்ணாடுகொண்ட முதலி இருபாலையிலும், செய்யூர்த் தனிநாயக முதலி நெடுந்தீவிலும் எனப் பட்டியல் நீள்கிறது. ஒவ்வொருவருக்கும் ஊர், குலம், மாலை, கொடி முதலான சிறப்புக்கள் அடைமொழிகளாக அடுக்கப்படுகின்றன. இவை தசாங்க மரபில் அரசருக்கு உரியன. ஈண்டு ஊர்த்தலைவருக்கு வழங்கப்பட்டுள்ளன. இலக்கிய வடிவமே ஓர் உரிமைக்கோரிக்கையாக அமையும் இடம் இது. கவிராசர் பாடிய கலிவெண்பாவின் ஓசைநயத்தில் ஈடுபடுவோர் இதனைக் கவனியாது செல்லுதல் எளிது. பட்டியலை இசைப்பாட்டாக்கும் ஆற்றல் அவருக்கு உண்டு. அந்த ஆற்றலே அதன் வரலாற்றுப் பலவீனத்தை மறைத்தும் நிற்கிறது.

அடைமொழிகளைக் களைந்தால் எஞ்சுவது யாது? ஒரு பெயர், ஒரு புறப்பட்ட ஊர், ஒரு சேர்ந்த ஊர். இவற்றுட் சேர்ந்த ஊர்தான் உறுதியானது. ஏனெனில் பாடப்பட்ட காலத்தில் அவ்வூரில் அக்குடி இருந்தது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் நிலத்தையும் அதற்குரியோரையும் செலுத்தவேண்டிய கடமைகளையும் தோம்புகளிற் பதிந்தனர். முதலி என்னும் பழைய தமிழ்ப் பட்டம் அவர்கள் ஆட்சியில் முதலியார் என்னும் உத்தியோகமாயிற்று. 1707இற் கிளாஸ் ஐசாக்ஸ் தேசவழமையைத் தொகுத்தபோது முதுசம், சீதனம், அடிமை என்பன சட்டப்பொருள்களாக எழுத்தில் நிலைபெற்றன. அதன்பின் முப்பது ஆண்டுகளுள் வைபவமாலை எழுந்தது. கைலாயமாலை அதற்கு முற்பட்டதாயினும், அதன் பட்டியல் உரைநடையில் மீண்டும் எழுதப்பட்டு அதிபதியின் கைக்குச் சென்ற காலம், குடிப்பெருமையும் காணியும் உத்தியோகமும் ஒன்றோடொன்று பிணைந்திருந்த காலமாகும். அரசன் இல்லாத நாட்டில், அரசன் தந்த இடம் இது என்று காட்டுவதற்கு வமிசாவளியன்றி வேறு உறுதி எது?

பட்டியலிற் கூறப்பட்டோரைப் போலவே கூறப்படாதோரும் ஆராயத்தக்கவர். தலைவர்கள் தத்தம் அடிமை குடிமைகளோடு வந்தனர் என்று நூல்கள் கூறும். அவ்வாறு உடன்வந்தோருக்குப் பெயரில்லை, ஊரில்லை, மாலையுமில்லை. வையாபாடல் இவ்வகையிற் சற்று வேறுபட்டது. வன்னியர் வரவைச் சிறப்பாகக் கூறுவதோடு, பல்வேறு தொழில்செய் சாதியாரின் வரவையும் அது எண்ணிச்செல்கிறது. எனினும் அங்கும் சாதிக்குப் பெயருண்டு, ஆளுக்குப் பெயரில்லை. தீபகற்பத்துக்கே பெயர்தந்த யாழ்பாடியின் நிலையும் நோக்கற்பாலது. மணற்றிடரைப் பரிசாகப் பெற்று மக்களைக் குடியேற்றியவன் அவன் எனக் கதை கூறும். ஆயினும் கதைப்போக்கு அவனை விரைந்து கடந்துவிடுகிறது. பாணனுக்கு நாட்டின் பெயர் எஞ்சிற்று. வமிசம் மழவனுக்கும் முதலிக்கும் போயிற்று.

பட்டியலின் வரலாற்றுத் தகைமையைச் சோதிப்பதற்குப் புவனேகவாகுவைக் காட்டிலும் தக்க எடுத்துக்காட்டு இல்லை. முதலரசனின் அமைச்சனாக மதுரையிலிருந்து வந்து நல்லூரில் இருத்தப்பட்டவன் புவனேகவாகு என்கின்றன நம் நூல்கள். அவனே நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை எழுப்பினான் என்பதும் மரபு. கைலாயமாலையின் இறுதியிற் காணப்படும் தனிச்செய்யுள் ஒன்று அதனைச் சக வருடம் 870இல், அதாவது கி.பி. 948இல், வைக்கிறது. ஆரியச்சக்கரவர்த்திகளின் பெயர் சான்றுகளில் எழுவதற்கு முந்நூறு ஆண்டுகள் முற்பட்ட காலம் அது. ஆகவே ஆண்டு பிழையாதல் வேண்டும். பிழை அதனோடு முடியவுமில்லை. நல்லூர்க் கோயிலின் கட்டியத்தில் சிறீசங்கபோதி புவனேகபாகு என்னும் பெயர் கூறப்படுகிறது. சிறீசங்கபோதி என்பது சிங்கள மன்னர் சூடிய விருதுப்பெயர். பாண்டிநாட்டு அமைச்சன் ஒருவன் அதனைச் சூடியிருத்தல் இயலாது. 1450இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிக் கனகசூரியசிங்கையாரியனைத் துரத்தி, 1467வரை அங்கு ஆட்சிபுரிந்த செண்பகப்பெருமாள், கோட்டைக்கு மீண்டு ஆறாம் புவனேகபாகு என்னும் பெயருடன் முடிசூடியவன். கோயிலைக் கட்டியவன் அவனே என்னும் கருத்து ஆய்வாளரிடையே வலுப்பெற்றிருப்பது இதனாலேயே.

இங்கு நிகழ்ந்தது வெறும் காலமயக்கமன்று. நாட்டை வென்ற வேற்றரசன் ஒருவனின் பெயரைக் கோயில் மறக்கவில்லை. நாள்தோறும் கட்டியத்தில் ஒலித்தது. ஆயின் வமிசாவளி எழுதியோர்க்கு அப்பெயருடையோன் வேற்றரசனாக இருத்தல் பொருந்தவில்லை. எனவே அவன் மதுரைக்கு மாற்றப்பட்டு, அமைச்சனாக்கப்பட்டு, குடிவரவுப் பட்டியலில் இடம்பெற்றான். கோட்டை அரசவையில் வளர்ந்த அந்த இளவரசனே மலையாளக் கரையிலிருந்து வந்த பணிக்கன் ஒருவனின் மகன் என்று போர்த்துக்கேய வரலாற்றாசிரியர் கூட்டோ எழுதியிருப்பதையும் சேர்த்து நோக்கினால், மூதாதையர் எவ்வளவு எளிதாக ஊர் மாறுவர் என்பது விளங்கும். பட்டியலின் ஓர் உறுப்பினரை அயற்சான்று கொண்டு சோதிக்க வாய்ப்புக் கிட்டிய இடத்தில் அவர் மதுரைக்காரர் அல்லர் எனத் தெரியவருமாயின், சோதிக்கப்படாத ஏனையோர் பற்றி எச்சரிக்கை வேண்டும் என்பது சொல்லாமலே அமையும்.

இதனாற் பட்டியல் முழுவதும் பொய் என ஒதுக்குதல் பொருந்தாது. பொன்பற்றி என்னும் ஊர் கற்பனையன்று. பதினோராம் நூற்றாண்டில் வீரசோழியம் இயற்றிய புத்தமித்திரனார் அவ்வூர்த் தலைவராகவே அறியப்படுகிறார். சோழ, பாண்டிய நாடுகளிலிருந்து வடவிலங்கைக்கு மக்கள் வந்துகொண்டேயிருந்தனர் என்பதில் ஐயமில்லை. அவர்கள் ஒரே அரசன் அழைக்க ஒரே காலத்தில், ஊருக்கு ஒரு தலைவராக வந்து இறங்கினர் என்பதே நம்பத்தகாதது. பல நூற்றாண்டுகளாகத் துளித்துளியாக நிகழ்ந்த பெயர்ச்சியை ஒரு நாட் கொலுவாகச் சுருக்கிக் காட்டுவது வமிசாவளி இலக்கியத்தின் இயல்பு. அயர்லாந்தில் 1634ஆம் ஆண்டளவில் ஜெப்ரி கீற்றிங் எழுதிய வரலாற்றிலும் இதனைக் காணலாம். நோர்மானியக் குடியிற் பிறந்த அவர், ஐரிஷ் மொழியில், ஆதி ஐரிஷ் அரசரைக் கடல்கடந்து வந்த ஒரு தந்தையின் மக்களிடமிருந்து தொடங்குகிறார். அவருக்கும் மயில்வாகனப் புலவருக்கும் ஒரு நூற்றாண்டு இடைவெளி. இருவரும் வெல்லப்பட்ட நாட்டில் இருந்துகொண்டு, கைதவறிப்போன பெருமையை எழுத்திற் பேண முயன்றவர்கள். அம்முயற்சி இகழத்தக்கதன்று. ஆயின் பெருமையைப் பேணும்போது எவருடைய பெருமை பேணப்படுகிறது என்னும் வினாவை இரு நாட்டு வாசகரும் கேட்டேயாகவேண்டும்.

யாழ்ப்பாணத்தில் அது ஏட்டு வினாவாக மட்டும் நின்றதில்லை. அடிமைமுறை 1844இற் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. சமூகக் குறைபாடுகளைத் தடைசெய்யும் சட்டம் 1957இல் நிறைவேறிற்று. அதன் பின்னரும், 1968இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் தாழ்த்தப்பட்டோர் உள்நுழைய உரிமை கோரி நின்றபோது அவர்கள் தடுக்கப்பட்டனர். குதிரைமுகம் நீங்கிய இளவரசியின் கதை கூறும் அதே மாவிட்டபுரம். வழக்கத்தின் பெயரால் அவர்களைத் தடுத்தோர், நூல்களிற் பெயரோடு வந்திறங்கியோரின் வழியினராகத் தம்மைக் கருதியோர். வெளியே நின்றோர், அந்நூல்களிற் பெயரின்றி உடன்வந்தோராகக் கருதப்பட்டோர். திருமணப்பேச்சிலும் கோயில் உபயத்திலும் இன்னார் இன்ன முதலி வழி என்னும் பேச்சு எழுந்தபோதெல்லாம் அதற்குச் சான்றாகக் காட்டப்பட்டது இந்தப் பட்டியலே.

அரச வமிசாவளியைச் சாசனங்களோடு ஒப்பிட்டு நோக்கிய முறையைக் குடிகளின் வமிசாவளிக்கும் விரிப்பதே எஞ்சியுள்ள பணி. அதற்கு மூலப்பொருள்கள் இல்லாமலில்லை. கைலாயமாலை கூறும் புறப்பட்ட ஊர்கள் தமிழகச் சாசனங்களில் எக்காலத்தில், எப்பெயரோடு வருகின்றன. மழவன், முதலி, தேவன் என்னும் பட்டங்கள் அங்கு எவ்வகையினருக்கு வழங்கின. சேர்ந்த ஊர்களின் காணிப்பெயர்களில் அவற்றின் எச்சம் உண்டா என்பன ஊர்தோறும் ஆராயப்படவேண்டியவை. தோம்புகளில் வரும் பெயர்களை அவ்வூர்க் குறிச்சிப்பெயர்களோடு ஒப்புநோக்கும்போது, முதலிமாரின் பெயர்களுக்கு அடுத்த வரிகளில் எழுதப்பட்டுள்ள தச்சர், கொல்லர், கரையார், நளவர், பள்ளர் ஆகியோரையும் உடன்வைத்துப் படித்தல் வேண்டும். கைலாயமாலை பாடாத யாழ்ப்பாணத்தார் அங்குதான் முதன்முதலாக எழுத்திற்கு வருகின்றனர்.